வரவேற்பறையில் ஆயுள் பலகை

மூன்று தட்டு. நடுவிரலின் கணுவால் தலைமாட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று. பிறகு பே கைக் சுவான் என்ற மூதாட்டி குனிந்து, கணினிக்கும் ஜாதிக்காய் மிட்டாய்க் கிண்ணத்துக்கும் நடுவே இடது காதை வைத்துக் கேட்கிறார். அறைச் சாவி வாங்க வந்த வெளிநாட்டுத் தம்பதி, பயணப் பெட்டிகளோடு ஒதுங்கி நிற்கிறது. வரவேற்புப் பெண் தட்டச்சை நிறுத்திவிட்டு மூச்சையும் பாதியாகக் குறைத்துக்கொள்கிறாள். கரையான் புகுந்திருந்தால் மரம் வேறு குரலில் பேசும். அதைக் கேட்க அமைதி வேண்டும்.

"உள்ள யாரும் இன்னும் குடி வரல," என்று நிமிர்ந்து அறிவிக்கிறார் கைக் சுவான். "ம், நீங்க உங்க வேலையைப் பாருங்க."

தம்பதி முழங்கையை ஊன்றிக் கையெழுத்துப் போடுகிறது. அவர்கள் முழங்கை ஊன்றியிருப்பது கைக் சுவானுடைய சவப்பெட்டியின் மேல். இந்தச் சொல்லை இங்கே ஒருமுறை எழுதிவிட்டால் போதும். ஜார்ஜ் டவுனின் உப்புமீன் சந்தில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆயுள் பலகை என்பார்கள். முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்பவருக்கு ஆயுள் கூடும் என்பது நம்பிக்கை. கைக் சுவானுக்கு எழுபத்தெட்டு வயது. நம்பிக்கை இதுவரை பொய்க்கவில்லை.

பலகை பழைய பாணியில் செய்தது. நான்கு பருத்த மரப் பாளங்கள் வளைவாகச் சேர்ந்து, இரண்டு முனையும் படகைப் போலத் தூக்கி நிற்கும். இரும்பு ஆணி ஒன்றுகூடக் கிடையாது. பல ஆண்டுகள் பூசிய அரக்குச் சாயம் ஏறி ஏறி, இப்போது கருஞ்சிவப்பாக முகம் பார்க்கும் அளவுக்கு மின்னுகிறது. மேலே கண்ணாடித் தகடு ஒன்று பதித்திருக்கிறார்கள். அதன்மேல் கணினி, மணி, மிட்டாய்க் கிண்ணம், மழைக்கு இரவல் தரும் குடைகளின் பட்டியல். கண்ணாடி வேண்டும் என்று கேட்டவர் கைக் சுவான்தான். அதற்கு முன்பு விருந்தினர்கள் காப்பிக் கோப்பையை நேராக மரத்தின் மேலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள். "என் நெஞ்சு மேல காப்பி வட்டமா?" என்று கேட்டு, ஒரு காலை முழுவதும் ஈரத் துணியோடு நின்றவர் அவர்.

அவருடைய தொழில் தவ்கே எனப்படும் பயறு முளையின் வாலைக் கிள்ளுவது. சந்தைச் சுற்றியுள்ள குவேத்தியாவ் நூடுல்ஸ் கடைக்காரர்கள் விடியலில் மூட்டையாக இறக்கிவிட்டுப் போவார்கள். ஐந்தடி நடைபாதையில், மசாலா மில்லுக்குப் பக்கத்தில், சிறு முக்காலியில் அமர்ந்து, இரண்டு வட்ட மூங்கில் தட்டுகளை முன்னால் வைத்துக்கொண்டு கிள்ளத் தொடங்குவார். வாலுள்ளவை இடது தட்டில், வாலற்றவை வலது தட்டில். கண் அந்தப் பக்கமே போகாது. பேசும்போதும் சண்டை போடும்போதும் விரல் நிற்காது. கல்யாண விருந்துகளில் நீளமான நூடுல்ஸைக் கண்டால் அதன் முனையைக் கிள்ளிவிட்டுத்தான் வாயில் வைப்பார். முளை போட்ட எந்தப் பண்டத்தையும் சாப்பிட மாட்டார். "முடிவெட்டறவன் முடியைத் திம்பானா?" என்பது அவர் சொல்லும் காரணம்.

இன்னொரு விசித்திரம் உண்டு. யாராவது முட்டியை மடக்கிப் படுத்திருந்தால் அவருக்குப் பொறுக்காது. நடைபாதையில் தூங்கும் ரிக்‌ஷாக்காரர்களின் காலைப் பிடித்து நீட்டிவிட்டுப் போவார். விழித்துக்கொண்டு திட்டினால், "கால் இருக்கறது நீட்டத்தான்," என்பார். கணவர் ஆறடி உயரம். துறைமுகத்தில் பாரம் தூக்கியவர். திடீரென்று போனபோது கையில் கிடைத்த ஆயத்தப் பெட்டியில் வைத்தார்கள். அது குட்டை. முட்டியை மடக்கித்தான் மூட முடிந்தது. பிள்ளைகள் இல்லை. அந்த வாரமே கைக் சுவான் இந்தச் சந்திலிருந்த ஊய் தெய்க் ஹாயின் கடைக்கு வந்து தனக்கொரு பலகைக்குச் சொன்னார். உள்ளே படுத்துப் பார்ப்பது அபசகுனம் என்பதால், தன் உயரமுள்ள தச்சர் ஒருவரைப் படுக்கச் சொன்னார். படுத்தவர் அப்படியே தூங்கிப்போனார். அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை என்று கைக் சுவான் திருப்தியோடு வீடு திரும்பினார்.

வீடு என்பது மாடியில் ஒற்றை அறை. அதன் படிக்கட்டில் பூனையே பக்கவாட்டில்தான் ஏறும். ஆகவே பலகை கடையிலேயே தங்கியது. வாடிக்கையாளர்களின் பலகையைக் காத்துவைப்பது அந்தக் கடையின் வழக்கம். புத்தாண்டுக்குப் புத்தாண்டு ஒரு பூச்சு அரக்கும் ஒரு துண்டுச் சிவப்புக் காகிதமும் வைப்பார்கள். கைக் சுவான் மாதம் இருமுறை, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும், வந்து தட்டிக் கேட்டுவிட்டுப் போவார்.

ஊய் தெய்க் ஹாய்க்குப் பிறகு பிள்ளைகள் கடையை விற்றார்கள். வாங்கியவர்கள் அதை விடுதியாக்க நினைத்தார்கள். பழைய கட்டடங்களைக் காக்கும் குழு, இடத்தின் இயல்பைக் காட்டும் பொருள்கள் வாசலைத் தாண்டி நிரந்தரமாகப் போகக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி தந்தது. யேப் ஸே மின் என்ற பெண் கட்டடக்கலைஞர், கறுப்புச் சட்டை, வட்டக் கண்ணாடி, வந்து பார்த்தார். கிணறு இருந்தது. மாடிப்படி இருந்தது. கடையின் முகப்பை அடைக்கும், ஒவ்வொன்றாகக் கழற்றக்கூடிய கதவுப் பலகைகள் இருந்தன. தங்க எழுத்தில் பெயர்ப்பலகை இருந்தது. அதன் பொருள் "நிம்மதியான நெடுந்துயில்". விடுதிக்காக அதில் ஒரு கோடுகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. கடைசியாக, நடுக்கூடத்தில், துணி போர்த்தியபடி கைக் சுவானின் பலகை.

"இந்த இடத்தோட உயிரே இதுதான்," என்றார் ஸே மின், துணியை விலக்கிவிட்டு.

"உயிர் இல்ல. நான் இன்னும் உள்ள போகல," என்றார் பக்கத்தில் நின்ற கைக் சுவான்.

பலகை கூடத்திலேயே இருக்கட்டும், வரவேற்பு மேசையாகப் பயன்படுத்திக்கொள்கிறோம், யாருக்கும் விற்க மாட்டோம் என்று ஸே மின் கேட்டுக்கொண்டார். கைக் சுவான் யோசித்தார். இத்தனை ஆண்டுகள் தனியாகக் கிடந்தது; நாலு பேர் வந்துபோகும் இடத்தில் இருந்தால் அதற்கும் பொழுது போகும். "சரி. என் நாள் வந்ததும் எடுத்துக்குவேன். அதுவரைக்கும் வச்சுக்கோங்க," என்றார். எல்லோரும் புன்னகைத்தார்கள். அந்த நாளைப் பற்றி யாரும் அப்போது நினைக்கவில்லை.

விடுதி திறந்தது. கழற்றும் கதவுப் பலகைகள் மாடி அறைகளில் கட்டில்களின் தலைப்பக்கமாக மாறின. விருந்தினர்கள் கடையின் கதவில் தலைசாய்த்து உறங்கினார்கள். அறை எண்களில் மூன்றுக்கு அடுத்தது ஐந்து. நான்கு சாவைக் குறிக்கும் எண் என்று விலக்கிவிட்டார்கள். ஊய் தெய்க் ஹாயின் கடையில் நான்காம் எண் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே அதைப் பற்றி ஒருவரும் குறை சொன்னதில்லை.

அந்த நாளைப் பற்றி முதலில் நினைத்தவர் மேலாளர் ஹைக்கல். கெடா மாநிலத்திலிருந்து வந்த இளைஞர். எதையும் இருமுறை சரிபார்ப்பவர். ஒரு மழைக்காலையில் கைக் சுவான் மேசையருகே நின்று இருமினார். ஹைக்கல் கையிலிருந்த சாவிக்கொத்து நழுவியது. இந்த அம்மாள் போனால் பலகை போகும். பலகை போனால் நிபந்தனை போகும். நிபந்தனை போனால் அனுமதி போகும். அறைகள், சமையற்கட்டு, கூரைமேல் குளம், எல்லாம் ஒரு கிழவியின் நுரையீரலில் தொங்கிக்கொண்டிருந்தன.

அன்றுமுதல் விடுதி கைக் சுவானை உயிரோடு வைத்திருக்கத் தொடங்கியது. நண்பகலில் கருங்கோழி மூலிகைச் சூப்பு வரும். ஹைக்கலே மூடிய பாத்திரத்தைச் சுமந்து நடைபாதைக்கு வருவார். கைக் சுவான் சாலையைக் கடக்க எழுந்தால் வாயிற்காவலர் இரு பக்கமும் கைநீட்டி மோட்டார் சைக்கிள்களை நிறுத்துவார். மழைத்தூறல் விழுந்தால் விடுதியின் பெயர் பொறித்த குடை தானாக அவர் தலைக்குமேல் விரியும். மாதம் ஒருமுறை மருத்துவர் ஒருவர் விருந்தினர்போல் வந்து, பேச்சுவாக்கில் நாடி பார்த்துவிட்டுப் போவார்.

மசாலா மில் வைத்திருக்கும் காதர் சுல்தானுக்கு இது தாங்கவில்லை. நாற்பது ஆண்டுகாலப் பக்கத்துக் கடைக்காரர். அவரும் எல்லோரையும்போலச் சின்னம்மா முறையில் "ஆச்சிம்" என்றுதான் கூப்பிடுவார்.

"ஆச்சிம், லேசா ஒரு தும்மல் போடுங்களேன். எனக்கும் ஒரு கிண்ணம் வரட்டும்."

"உனக்கென்னத்துக்கு? நீ செத்தா எந்தக் கடை மூடும்?"

"என் கடை மூடுமே!"

"அதான் உனக்கு யாரும் சூப்பு தரல."

இப்படியே போயிருக்கும். ஆனால் சென்ற ஆண்டு வெயில் கூடிப்போனதென்று விடுதியின் முகப்பில் கண்ணாடி போட்டார்கள். ஒரு பக்கம் அசையாத கண்ணாடி, மறுபக்கம் விசைவில் வைத்த கதவு. தள்ளினால் திறக்கும், விட்டால் தானே மூடும். கைக் சுவான் வழக்கம்போல் தட்டிக் கேட்க வந்தார். கதவைத் தள்ளினார். உள்ளே போகவில்லை. திரும்பி நடைபாதைக்குப் போய், தன் இரண்டு மூங்கில் தட்டுகளையும் எடுத்துக்கொண்டு வந்தார். பலகையின் அகலம் அந்த இரண்டு தட்டு. வாங்கிய அன்றே ஒப்பிட்டு வைத்திருந்தார். தட்டுகளை அருகருகே பிடித்துக்கொண்டு வாசலில் நுழையப் பார்த்தார். கதவு விடவில்லை. மீண்டும் முயன்றார். தட்டின் விளிம்பு கண்ணாடியில் இடித்து, ஒட்டியிருந்த வால்கள் உதிர்ந்தன.

"ஹைக்கல்!" என்று கூப்பிட்டார். சந்து முழுவதும் கேட்டது. "ரெண்டு தட்டும் சேர்ந்து போகல. அப்ப நான் எப்படிப் போவேன்?"

ஹைக்கல் கதவைப் பார்த்தார், தட்டுகளைப் பார்த்தார், பின்னால் பலகையைப் பார்த்தார்.

"ஆண்ட்டி, அதுக்கெல்லாம் இன்னும் ரொம்ப நாள் இருக்கு."

"எத்தனை நாளுன்னு உனக்குத் தெரியுமா? தெரிஞ்சா சொல்லு. அதுக்கேத்த மாதிரி தவ்கே எடுக்கறேன்."

ஸே மின் வரவழைக்கப்பட்டார். குழு ஒப்புக்கொண்ட முகப்பை மாற்ற முடியாது என்றார். சமையற்கட்டு வழியாகப் பின்வாசல் இருக்கிறதே என்றார். "அந்த வழியா மீன் செதில்தான் போகும்," என்றார் கைக் சுவான். செங்குத்தாக நிறுத்தி எடுத்துப் போகலாம் என்றார் ஸே மின். "என்னால நிக்க முடிஞ்சா நான் ஏம்மா அதுல படுக்கறேன்?" அப்படியானால் இதே அளவில், சற்று ஒடுக்கமாக, அச்சு அசலாக இன்னொன்று செய்து தருகிறோம், அசல் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லத் தொடங்கியவர், கைக் சுவானின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"ஒடுக்கமா," என்றார் கைக் சுவான். விரல் முதன்முறையாகக் கிள்ளுவதை நிறுத்தியிருந்தது. "என் வீட்டுக்காரரு முட்டியை மடக்கிப் போனாரு. அவரு கேக்கல, செத்துட்டாரு. நான் கேக்கறேன், இன்னும் சாகல. என் பலகையில, படுத்தபடி, கால் முன்ன, முன்வாசல் வழியா. வேற ஒண்ணும் கேக்கல."

ஸே மின், பார்க்கலாம் என்றார். கட்டடக்கலைஞர்கள் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று கைக் சுவானுக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் சூப்பு வந்தபோது, மூடியைத் திறக்காமல் ஹைக்கலிடமே திருப்பிக் கொடுத்தார்.

"கதவு பெருசாகற வரைக்கும் எனக்கு எதுவும் வேணாம்."

அதோடு நிற்கவில்லை. சாலையைக் கடக்கும்போது எந்தப் பக்கமும் பார்க்காமல் நேராக நடந்தார். வாயிற்காவலர் அலறிக்கொண்டு ஓடினார். மழையில் குடை விரிந்தால் குடையிலிருந்து வெளியே வந்து நின்றார். விருந்தினர்கள் கூடும் நேரத்தில் மேசையருகே நின்று ஆழமாக இருமினார். இருமி முடித்ததும் பலகையை அன்போடு தடவிக்கொடுத்தார். ஒரு விருந்தினர் அறையைக் காலி செய்தார். காதர் சுல்தான் நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

"ஆச்சிம், வாய்ல கைய வச்சு இருமுங்க. மசாலால விழுது."

"விழட்டும். அப்பவாவது உன் மசாலால காரம் ஏறட்டும்."

நான்காம் நாள் மாலையில் ஹைக்கல் தனியாக நடைபாதைக்கு வந்து, முக்காலிக்குப் பக்கத்தில் குந்தினார். அவரும் வால் கிள்ளினார். பாதி முளையையும் சேர்த்துக் கிள்ளினார். கைக் சுவான் அவற்றை எடுத்து அவர் கண்ணெதிரே எறிந்தார்.

"ஆண்ட்டி, அசையாத கண்ணாடி இருக்குல்ல, அதுக்கும் கீல் வச்சுட்டா ரெண்டு பக்கமும் திறக்கும். பார்க்க அதே கண்ணாடிதான். குழுவும் ஒண்ணும் சொல்லாது. ஸே மின்கிட்ட ஒத்துக்க வச்சுட்டேன்."

"எப்படி ஒத்துக்கிட்டாங்க?"

"நீங்க போறப்ப நான் அந்தம்மாவைத்தான் கண்ணாடியை உடைக்கச் சொல்லுவேன்னு சொன்னேன்."

கைக் சுவான் அவரை மேலும் கீழும் பார்த்தார். "சூப்பு இருக்கா?" என்றார்.

கீல் வைத்தாயிற்று. ஆனால் கைக் சுவான் சொல்லை நம்புபவர் அல்லர். "தூக்கிட்டுப் போய்க் காட்டுங்க. கண்ணால பார்க்கணும். அன்னிக்கு நான் பார்க்க முடியாதில்ல?" என்றார். இதற்கு விடுதி ஊழியர்கள் மறுத்தார்கள். காலிப் பலகை வாசலைத் தாண்டினால் ஆளைத் தேடும், எல்லோருக்கும் தெரிந்ததுதானே! வரவேற்புப் பெண் விடுப்புக் கேட்டாள். இந்த இக்கட்டைத் தீர்த்தவர் காதர் சுல்தான். பலகை காலியாகப் போகக் கூடாது, அவ்வளவுதானே? கைக் சுவானின் எடைக்கு அரிசியை உள்ளே வைத்துவிட்டால் அது யாரைத் தேடப்போகிறது?

எடைபோட அவரை மில்லின் தராசில் ஏற்றினார்கள். எதிர்த் தட்டில் விடுதிச் சமையற்கட்டின் அரிசி மூட்டை, போதவில்லை. காதர் சுல்தான் தன் கொத்தமல்லியை அள்ளி அள்ளிப் போட்டார்.

"ஆச்சிம், கூடிட்டீங்க! விடுதி சூப்பு நல்லாத்தான் வேலை செய்யுது."

"தராசுல கைய வைக்காத. உன் தராசு எனக்குத் தெரியாதா?"

அப்படி நிறுத்த அரிசியையும் மல்லியையும் பலகைக்குள் கிடத்தினார்கள். கணினியை வரவேற்புப் பெண் மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். சாவிக்காக வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். பயணப் பெட்டி தூக்குபவர்களும் மில்லின் மூட்டைக்காரர்களும் கயிறு கட்டி, மூங்கில் கழிகளைத் தோளில் ஏற்றினார்கள். செய்தி பரவிச் சந்து முழுவதும் திரண்டுவிட்டது. சிலர் பழக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார்கள். ஒரு கிழவர் ஊதுபத்தியே கொளுத்திவிட்டார். கைக் சுவான் அதைப் பிடுங்கி அணைத்தார்.

மாடியிலிருந்து இறங்கிய வெளிநாட்டுக்காரர் ஒருவர், இந்த நிகழ்ச்சி நாளைக்கும் உண்டா என்று ஹைக்கலிடம் விசாரித்தார். ஹைக்கல் மொழிபெயர்த்தார்.

"ரெண்டு தடவைதான்னு சொல்லு. அடுத்த தடவை நான் உள்ள இருப்பேன்."

கழிகள் நிமிர்ந்தன. பலகை தரையைவிட்டு எழுந்தது.

பலகையைத் தூக்கும் கணத்தில் பார்க்கக் கூடாது. பார்ப்பவரின் நிழல் அதனோடு போய்விடும். சந்து மனிதர்கள் ஒருவர்போல முதுகைத் திருப்பினார்கள். அதைக் கண்ட காதர் சுல்தான் திரும்பினார், ஹைக்கல் திரும்பினார், படமெடுக்க வந்த ஸே மின் கைப்பேசியை நெஞ்சோடு அணைத்துத் திரும்பினார். என்ன ஏது என்று தெரியாத விருந்தினர்களும் காப்பிக் கோப்பைகளோடு சுவரைப் பார்த்து நின்றார்கள். சாவி வரிசைகூடத் திரும்பி நின்றது.

கைக் சுவான் மட்டும் திரும்பவில்லை. பழைய கதவை ஒரு மூட்டை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தது. புதுக் கதவின் விசைவில் இன்னும் இறுக்கமாக இருந்தது; விட்டால் பலகையின் மூலையில் வந்து மோதும். அவர் கண்ணாடிக்கு முதுகைக் கொடுத்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். கால்மாடு முன்னால் வந்தது. இரண்டு பக்கமும் கையளவு இடைவெளி. மல்லி வாசனையோடு பலகை அவரைக் கடந்தபோது, எட்டி அதன் விலாவில் மூன்று தட்டுத் தட்டினார். அது வாசலைத் தாண்டி வெயிலில் இறங்கியது. சுமப்பவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள்.

"ஆச்சிம், குளிர்க்காத்து எல்லாம் வெளிய போகுது, கதவை விட்டுடுங்க," என்றாள் வரவேற்புப் பெண், சுவரைப் பார்த்தபடியே.

கைக் சுவான் கதவை விடவில்லை. பலகை திரும்பி வர வேண்டுமே என்று, குதிகாலை இன்னும் கொஞ்சம் அழுத்தி ஊன்றிக்கொண்டார்.